வரிசையை விட்டுப் போனவர்கள்

அந்த வாக்கியத்தைக் கணினியில் அடித்து முடித்ததும் பிளஸ்ஸி கையை எடுத்துக்கொண்டாள். ‘சிலோன் வரிசையின் மூன்றாம் தலைமுறையில் முதுகலைப் படிப்பு முடித்தவர் ஒருவர்கூட இல்லை.’ பேராசிரியர் வில்பிரட் கையால் எழுதிக் கொடுத்த தாளில் அப்படித்தான் இருந்தது. அதற்கு மேலே பதினான்காம் அட்டவணை. பர்மா வரிசை, முப்பத்தேழு பேர். சிலோன் வரிசை, பூஜ்யம்.

பிளஸ்ஸி பொருளாதாரத்தில் எம்.ஏ., பிறகு எம்.ஃபில். அவளுடைய அப்பா லாசரஸ் சிலோன் வரிசையில் வளர்ந்தவர்.

அஸ்தினாபுரம் தாண்டி ஏரியை ஒட்டிப் போகிற சாலைக்கு இந்தப் பக்கம் பர்மா வரிசை, அந்தப் பக்கம் சிலோன் வரிசை. ரங்கூனிலும் மௌல்மேனிலும் கடை வைத்திருந்தவர்கள், அந்த நாட்டு அரசு கடைகளையெல்லாம் எடுத்துக்கொண்டபோது கையில் இருந்ததோடு கப்பலேறி வந்தார்கள். அவர்களை அறுபத்தாறில் சாலையின் கிழக்கே குடிவைத்தார்கள். எட்டு வருஷம் கழித்து, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து ஒப்பந்தப்படி அனுப்பப்பட்டவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் காத்திருந்து, மேற்கே வந்து சேர்ந்தார்கள். இரண்டு கூட்டமும் இங்கிருந்து போனவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். இரண்டுமே தமிழ் பேசுகிற கூட்டம்தான். அரை நூற்றாண்டு கழித்துப் பார்த்தால் கிழக்கே மூன்று மாடி வீடுகள், கீழே கடைகள், ஒரு பல் டாக்டர், இரண்டு ஆடிட்டர்கள். மேற்கே இன்னும் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஏன் இப்படி என்பதைத்தான் தாம்பரம் கல்லூரி ஒன்றின் பொருளாதாரத் துறை ஆராய்ந்துகொண்டிருந்தது. ஒரு அறக்கட்டளை பணம் கொடுத்தது. வில்பிரட் தலைவர். பிளஸ்ஸியும் சாஜித்தும் ஆய்வு உதவியாளர்கள். பிளஸ்ஸி அங்கேயே சில வகுப்புகளும் எடுத்தாள்.

சாஜித் பர்மா வரிசைப் பையன். அவன் அப்பா கிபாயத்துல்லாவுக்கு அங்கே பாத்திரக்கடை. சொந்தத் தெருவில் அந்தத் தெருக்காரரே கணக்கெடுக்கக்கூடாது என்பதால் சாஜித்தைச் சிலோன் வரிசைக்கும் பிளஸ்ஸியைப் பர்மா வரிசைக்கும் வில்பிரட் அனுப்பினார். வேலையில் சேரும்போது கொடுத்த படிவத்தில் ‘ஆய்வுப் பகுதியில் உறவினர் உண்டா’ என்று ஒரு கேள்வி இருந்தது. சாஜித் ‘உண்டு’ என்று எழுதினான். பிளஸ்ஸி ‘இல்லை’ என்று எழுதினாள். பொய் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்து எழுதவில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்தே அந்தக் கேள்விக்கு அவர்கள் வீட்டில் அதுதான் பதில். சொந்த ஊர் எது என்று யார் கேட்டாலும் பாளையங்கோட்டை. அது அம்மா ஞானசௌந்தரியின் ஊர். அப்பாவின் அக்கா கங்கையம்மாள் சிலோன் வரிசையில் இருக்கிறாள் என்பது பிளஸ்ஸிக்கும் தம்பி எபிக்கும் தெரியும். அவளைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை என்பதும் தெரியும்.

அன்று சாயங்காலம் கல்லூரி கேண்டீனில் டீயை வாங்கி வைத்துக்கொண்டு அவள் சாஜித்திடம் சொன்னாள்.

“அந்த ஜீரோ தப்பு, சாஜித்.”

“எப்படிக்கா? தொண்ணூத்தாறு வீடும் நானே ஏறி எறங்கினேன். ஒருத்தர விடல.”

“வீட்டுல இருக்கறவங்கள விடல. போனவங்கள யாரு கேட்டா?”

“எங்க போனவங்க?”

“நாங்க போனோம். எங்கப்பா எண்பத்தாறுல ரயில்வே வேலை கிடைச்சதும் அந்த வரிசையை விட்டுப் போனாரு. நான் மூணாவது தலைமுறை.”

சாஜித் டீ கிளாஸைக் கீழே வைத்தான். அவளை முதல் முறை பார்ப்பதுபோலப் பார்த்தான். பிறகு அவன் சொன்னது அவள் எதிர்பார்க்காதது.

“அப்படிப் பாத்தா எங்க தெருவுலயும் போனவங்க கீறாங்கக்கா. எங்க பெரியப்பா அக்தர். பல்லாவரத்துல தோல் பை தைக்கிற யூனிட் வெச்சிருந்தாரு. நொடிச்சுப் போச்சு. வூட்டை வித்துட்டு ஊரப்பாக்கம் பக்கம் போயிட்டாரு. இப்ப ஒரு அபார்ட்மெண்ட்ல வாட்ச்மேன். உங்க கணக்குல அவரும் இல்ல.”

“நம்ம கணக்குல,” என்றாள் பிளஸ்ஸி.

இருவரும் டீயை ஆறவிட்டார்கள். பொருளாதாரம் படித்தவர்கள் என்பதால் விஷயம் சட்டென்று பிடிபட்டது. ஒரு தெருவில் மேலே வந்தவர்கள் தங்கிவிட்டு, விழுந்தவர்கள் போய்விட்டிருந்தால்? இன்னொரு தெருவில் மேலே வந்தவர்கள் போய், முடியாதவர்கள் மட்டும் தங்கியிருந்தால்? அப்புறம் இரண்டு தெருவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, ‘உழைப்பும் சேமிப்புப் பழக்கமும் ஒரு சமூகத்தை உயர்த்தியிருக்கின்றன’ என்று எப்படி எழுதுவது? வில்பிரட்டின் முடிவுரையில் அந்த வரி ஏற்கெனவே இருந்தது.

“போனவங்க பேரெல்லாம் யாருக்குத் தெரியும்?” என்று சாஜித் கேட்டான்.

பிளஸ்ஸிக்குத் தெரிந்து ஒருத்திக்குத்தான்.

சனிக்கிழமை காலையில் இருவரும் சிலோன் வரிசைக்குப் போனார்கள். கங்கையம்மாள் நகராட்சியில் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளராக இருபத்தேழு வருஷம் வேலை பார்த்து, முழங்கால் போனதும் நின்றுவிட்டவள். மகன் பிரசன்னா குட்டியானை சரக்கு வண்டி ஓட்டுகிறான். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சாஜித்தைப் பார்த்ததும், “வா தம்பி, இன்னும் கேள்வி பாக்கி கீதா?” என்றாள். பின்னால் வந்தவளைப் பார்த்து உரிப்பதை நிறுத்தினாள்.

“நீ சௌந்தரி மவ தானே?”

“ஆமா அத்தை.”

“அத்தைன்னு சொல்லத் தெரியுதே.” கோபமாகச் சொல்லவில்லை. கடையில் விலை கேட்டுத் தெரிந்துகொண்ட மாதிரி சொன்னாள். “உக்காரு. அந்த ஸ்டூலு ஆடும், சொவத்தோட ஒட்டிப் போட்டுக்கோ.”

பிளஸ்ஸி அவளைக் கடைசியாகப் பார்த்தது ஆறு வருஷம் முன்பு, கங்கையம்மாளின் கணவர் இறந்தபோது. அன்றைக்கு அப்பா அரை மணி நேரம் நின்றுவிட்டு, ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லியிருந்ததால் கிளம்பிவிட்டார்.

வந்த காரியத்தைப் பிளஸ்ஸி சொன்னாள். இந்தத் தெருவிலிருந்து யார் யார் போனார்கள், எப்போது, எங்கே என்று கேட்டாள். கங்கையம்மாள் வெங்காயத் தட்டைக் கீழே வைத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தாள். வீட்டு எண் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. அந்தத் தெருவில் இருபத்தேழு வருஷம் குப்பை எடுத்தவள், எந்த வீட்டில் எப்போது யார் காலி செய்தார்கள் என்று அவளுக்குத் தெரியாமல் போகாது. வாத்தியார் வேலை கிடைச்சு செங்கல்பட்டு போனவன். கப்பல் கம்பெனியில் சேர்ந்தவன். நர்சு படித்து சவுதி போய், திரும்பி வந்து மேடவாக்கத்தில் பிளாட் வாங்கிய ஸ்ரீவித்யா. பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. சாஜித் எழுதி மாளவில்லை. மத்தியானம் பன்னிரண்டரைக்கு எழுபத்தொரு குடும்பம் ஆகியிருந்தது.

“ஏன் அத்தை எல்லாரும் போனாங்க?”

“போவாம இன்னா பண்ணுவாங்க? இது ஏரிப் பொறம்போக்கு. குடிவெச்சவன் குடிவெச்சான், பட்டா கொடுக்கல. கைல நாலு காசு வந்து ஒரு மாடி எடுக்கலாம்னா பேங்க்குல பத்திரத்தை எடுத்தாம்பான். பத்திரத்துக்கு எங்க போறது? சம்பளம் வந்தவன் எல்லாம் வெளில எடம் வாங்கினு பூட்டான். வராதவன் குந்தினு கீறான். விக்கறதுக்கும் ஒண்ணும் இல்ல பாரு.”

“எதுத்தாப்புல?”

“அவங்களுக்கு ஆரம்பத்துலயே பட்டா. மார்க்கெட்டுல ஆளுக்கொரு கடை வேற கொடுத்தான். சம்பாதிச்சவன் மேல மேல கட்டினான். கஷ்டம் வந்தவன் வித்துட்டு, கடனை அடைச்சிட்டுப் போனான். நல்லா உழைச்ச ஜனந்தான், இல்லேன்னு சொல்லல. நாங்களும் தூங்கினு இல்ல.”

சாஜித் எழுதுவதை நிறுத்தித் தலையாட்டினான்.

கிளம்பும்போது கங்கையம்மாள் கேட்டாள். “உங்கப்பன் பேரை எழுதிக்கினியா?”

“அவர்கிட்ட கேக்கணும் அத்தை.”

“கேட்டுட்டு எழுது. நான் சொல்லி நீ எழுதினா, நாளைக்கு அவன் இல்லேன்னுடுவான். அந்த அசிங்கம் எனக்கு வாணாம்.”

லாசரஸ் தாம்பரம் ரயில்வே பணிமனை அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒன்பது வயதில் மண்டபம் முகாமுக்கு வந்தவர். பத்து வயதில் ஒரு கிறிஸ்துவ விடுதியில் சேர்ந்து, அங்கேயே ஞானஸ்நானம் பெற்று, அங்கிருந்தே படித்து மேலே வந்தார். செலையூரில் சொந்த வீடு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் காணிக்கைப் பை எடுப்பவர். அவர் யாரையும் குரல் உயர்த்திப் பேசி பிளஸ்ஸி கேட்டதில்லை. அன்றும் உயர்த்தவில்லை.

“அந்த வீட்டுக்குப் போனியா?”

“போனேம்பா. வேலை விஷயமாத்தான்.”

“எபி கல்யாணம் பேசிட்டிருக்கோம். பொண்ணு ஆஷா வீட்டுல எல்லாம் நாகர்கோவில் பக்கம், ரெண்டு தலைமுறையா வாத்தியாருங்க. இந்த நேரத்துல இதைக் கிளறணுமா?”

“பேரு எங்கேயும் வராதுப்பா. நம்பர் மட்டும்தான்.”

“நம்பர் போதுமேம்மா. எண்ணத் தெரிஞ்சவன் எண்ணிடுவான்.”

சமையலறை வாசலில் நின்றிருந்த ஞானசௌந்தரி, “கல்யாணத்துக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். எங்கப்பாவுக்கும் தெரியும். அவரு அன்னிக்கே ஒண்ணும் சொல்லலியே,” என்றாள்.

“உங்கப்பா பெரிய மனுஷன். எல்லாரும் அப்படி இருப்பாங்களா?”

“அவரு எதையும் மறைக்கச் சொல்லல. ஊர்ல யாருகிட்டயும் சொல்ல வேணாம்னு சொன்னது நீங்க.”

லாசரஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் போட்டுக்கொள்ளாமல் கையிலேயே வைத்திருந்தார். “நான் அந்த வரிசை ஆளுன்னு எழுதிட்டா அடுத்த கேள்வி என்ன வரும் தெரியுமா? நீ மேல வந்தியே, அந்த வரிசைக்கு என்ன செஞ்சேன்னு வரும். அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. விட்டுடும்மா.”

 கல்யாணம், நாகர்கோவில் எல்லாம் பிளஸ்ஸி எதிர்பார்த்ததுதான். இது அவள் எதிர்பார்க்காதது. அப்பா ஊரை மறைத்தார் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தாள். அக்காவை விட்டுவிட்டு வந்ததை மறைக்கிறார் என்று தோன்றியதே இல்லை.

அப்பாவை எழுத முடியாது என்றால் தன்னை எழுதலாம். முப்பத்துமூன்று வயதாகிறது, அதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. திங்கட்கிழமை காலை வில்பிரட்டின் அறைக்குப் போய் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். போனவர்கள் பட்டியலைக் கொடுத்தாள். சேரும்போது படிவத்தில் எழுதியது பொய் என்றும் சொன்னாள்.

வில்பிரட் ஐம்பத்தெட்டு வயதுக்காரர். மாணவர்களின் பெயரை மறக்காதவர், பிழைகளையும் மறக்காதவர். பட்டியலைக் கடைசி வரை படித்தார்.

“ஜீரோ தப்புன்னு நீங்க சொல்றது சரி. நான் யோசிச்சிருக்கணும். முப்பது வருஷமா இதையே கிளாஸ்ல சொல்லித் தரேன்.” அவர் முகம் சிவந்திருந்தது. “ஆனா எட்டு மாசமா நீங்க எங்கிட்ட மறைச்சிருக்கீங்க. நாளைக்கு யாராவது இதைப் பிடிச்சா மொத்த ரிப்போர்ட்டும் குப்பைக்குப் போகும். அப்புறம் அந்த எழுபத்தொரு குடும்பத்தைப் பத்திச் சொன்னாலும் எவனும் நம்பமாட்டான்.”

“தெரியும் சார்.”

“இனிமே நீங்க டேட்டாவத் தொடக்கூடாது. ரிப்போர்ட்ல உங்க பேரும் வராது. போனவங்களத் தேடற வேலையை சாஜித் பாக்கட்டும். சிலோன் வரிசை மட்டும். பர்மா வரிசையிலருந்து போனவங்களுக்கு வேற ஆள் போடறேன்.”

அவள் தலையாட்டினாள். எட்டு மாதம் வெயிலில் அலைந்த வேலை. உதவிப் பேராசிரியர் விண்ணப்பத்தில் காட்ட அவளுக்கு இருந்த ஒரே ஆய்வு அது. வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள். பிறகு பதினொரு மணி வகுப்பு எடுக்கப் போனாள்.

தேடல் மூன்று மாதம் நடந்தது. பிளஸ்ஸி அதில் இல்லை, ஆனால் சாஜித் அவளிடம் சொல்லாமல் இருக்கவில்லை. எழுபத்தொன்றில் ஐம்பத்தெட்டு குடும்பங்களை அவன் கண்டுபிடித்தான். பத்துப் பதினைந்து பேர் கதவைத் திறந்து, சிலோன் வரிசை என்றதும் சாத்தினார்கள். ஒரு வங்கி மேலாளர் அவனை வீட்டு வாசலில் நிறுத்திப் பேசாமல் கீழே பார்க்கிங்குக்குக் கூட்டிப்போய், அங்கே நின்றபடியே எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார். மருமகள் காதில் விழக்கூடாது என்றார்.

பர்மா வரிசையிலிருந்து போனவர்களை ஹஃபீசா என்ற ஆய்வு மாணவி தேடினாள். முப்பத்துமூன்று குடும்பம் கிடைத்தது. கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம், வண்டலூர் பக்கம் வாடகை வீடுகளில் இருந்தார்கள். அக்தரும் அதில் இருந்தார். அந்தச் செய்தி எப்படியோ பர்மா வரிசைக்குப் போனதும் கிபாயத்துல்லா மகனைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“நம்ம தெருவுக்கு ஒரு பேரு கீது. அதை ஏன்டா கெடுக்கற?” என்று அவர் கேட்டதாகச் சாஜித் சொன்னான்.

“நீ என்ன சொன்னே?”

“பெரியப்பா நம்ம தெருதானே வாப்பான்னு கேட்டேன். வித்துட்டுப் போனவன் எப்படி நம்ம தெருன்னாரு. சரி, அவரு வித்த எடத்தை வாங்கினது யாருன்னு கேட்டேன். எழுந்து போயிட்டாரு.”

“யாரு வாங்கினது?”

“எங்கப்பாதான். அவ்ளோ பேஜாரான நேரத்துல அண்ணன்கிட்ட பேரம் பேசி வாங்கினாரு. இப்ப எங்க கடை கீதே, அந்த எடம்.”

சொல்லிவிட்டு அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. அப்பாவும் மகனும் அதற்கப்புறம் ஒரு மாதம் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. பிளஸ்ஸி அதைச் சரிசெய்ய எதுவும் சொல்லவில்லை. அவளுக்கு அவள் வீடே போதும் என்றிருந்தது.

அவள் பெயர் அறிக்கையில் வராது என்பதை லாசரஸ் ஞானசௌந்தரி மூலம் தெரிந்துகொண்டார். மகளிடம் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு வாரம் சாப்பிடும்போது வழக்கத்தைவிடக் குறைவாகப் பேசினார். ஒரு நாள் மாலை, “அந்தப் பையன் இன்னும் ஃபாரம் எடுத்துட்டுச் சுத்தறானா?” என்றார்.

“சுத்தறான்பா. அடுத்த வாரத்தோட முடியுது.”

“வரச்சொல்லு.”

சாஜித் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த பிறகு வந்தான். பிளஸ்ஸி அறையில் இருக்கக்கூடாது என்பது விதி. அவள் சமையலறையில் அம்மாவோடு நின்றுகொண்டாள். கதவு இல்லாத சமையலறை. எல்லாம் கேட்டது.

சாஜித் படிவத்தைப் பார்த்துப் படித்தான். பெயர், வயது, பிறந்த இடம்.

“பொகவந்தலாவை பக்கம், எஸ்டேட் லயம், தொழிலாளிங்க இருக்கற வரிசை வீடு. எழுதுங்க.” அதுவரை அந்த ஊர்ப் பெயரை அப்பா வாயிலிருந்து பிளஸ்ஸி கேட்டதில்லை. அவ்வளவு சுலபமாக வந்தது. “அப்பா எழுபதுலயே மலையில செத்துட்டாரு. அம்மா, அக்கா, நான். மூணு பேர் வந்தோம்.”

“படிப்புச் செலவு யாரு பாத்தாங்க சார்?”

“ஹாஸ்டல்ல சாப்பாடு, ஃபீஸு எல்லாம் அவங்களே. ஆனா பாலிடெக்னிக்ல சேர கட்டணும்னு வந்தப்போ அக்கா கட்டினாங்க. அக்காவுக்கு அப்போ பதினெட்டு வயசு. எதுத்த வரிசையில ஒரு பாய் வீட்டுல பாத்திரம் தேச்சுட்டு இருந்தாங்க. அந்த வேலைக்குப் போனப்பவே அவங்க படிப்பு நின்னுச்சு. எட்டாவது.”

சாஜித் எழுதினான். அடுத்த கேள்விக்கு வருமுன் கொஞ்சம் தயங்கினான். “வரிசையில இப்போ இருக்கற உறவினர்?”

“அக்கா.”

“கடைசியா எப்போ போனீங்க?”

“ரெண்டாயிரத்துப் பத்தொம்பது. மச்சான் செத்தப்போ.”

“வரிசையில இருக்கற உறவினருக்குப் பண உதவியோ வேற உதவியோ செய்யறீங்களா? இது எல்லாரையும் கேக்கற கேள்வி சார். பிடிக்கலன்னா விட்டுடலாம்.”

“விட வேணாம். இல்லன்னு எழுதுங்க.”

ஞானசௌந்தரி அடுப்பில் இருந்த பாலை இறக்கிவைத்தாள். பிளஸ்ஸியின் பக்கம் அவள் திரும்பவில்லை.

அறிக்கை ஆகஸ்டில் வந்தது. போனவர்களையும் சேர்த்து எண்ணியபோது இரண்டு வரிசைக்கும் நடுவில் வருமானத்தில் இரண்டரை மடங்கு என்றிருந்த இடைவெளி ஒன்றரை மடங்காகக் குறைந்தது. சிலோன் வரிசையின் மூன்றாம் தலைமுறையில் முதுகலை முடித்தவர்கள் இருபத்திரண்டு பேர். இடைவெளி இல்லாமல் போய்விடவில்லை. மீதி இருந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு பட்டாவையும் மார்க்கெட் கடைகளையும் சுற்றியே வந்தது. உழைப்பு, சேமிப்பு என்ற வரியை வில்பிரட் எடுத்துவிட்டார். முன்னுரையில் தன்னுடைய முதல் வரைவில் இருந்த தவறைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தார். அதை ஒரு உதவியாளர் சுட்டிக்காட்டியதாகச் சொல்லியிருந்தார். பெயர் போடவில்லை. அவர் சொன்ன சொல் சொன்னதுதான்.

எபியின் கல்யாண விஷயத்தை எபியே முடித்தான். லாசரஸ் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவன் ஆஷாவிடம் சொல்லிவிட்டான். அவள் தன் வீட்டில் சொன்னாள். பத்து நாள் அந்த வீட்டிலிருந்து போனே இல்லை. பதினோராவது நாள் ஆஷாவின் அம்மா கூப்பிட்டு, ஜனவரி கடைசி வாரத்தில் கல்யாண மண்டபம் கிடைக்குமா என்று கேட்டாள். அந்தப் பத்து நாளில் என்ன பேசினார்கள் என்று இவர்களும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

லாசரஸ் அறிக்கையை இரண்டு முறை படித்தார். ஒரு செவ்வாய்க்கிழமை சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, பேருந்தில் சிலோன் வரிசைக்குப் போனார். பிளஸ்ஸிக்கு அன்று வகுப்பு இல்லை, அவளும் கூடப் போனாள். கங்கையம்மாள் உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. “வெயில்ல ஏன் நிக்கற?” என்று மட்டும் கேட்டாள்.

“பட்டா கேட்டு எத்தனை மனு கொடுத்திருக்கீங்க அக்கா?”

“ஏழு. எட்டு இருக்கும். வர்றவன் எல்லாம் ஒண்ணு வாங்கினு போவான்.”

“நகல் வெச்சிருக்கீங்களா?”

அவள் பீரோவைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துவந்தாள். லாசரஸ் தாள்களைத் தரையில் பரப்பி தேதிவாரியாக அடுக்கினார். எந்த மனுவிலும் குடியேற்ற அட்டை எண் இல்லை, பழைய ஆணையின் தேதி இல்லை, ரசீதும் இல்லை. முப்பத்தெட்டு வருஷம் கோப்பு பார்த்தவர் அவர். எந்தத் தாளை எந்த மேசையில் ஓரமாகத் தள்ளுவார்கள் என்று அவருக்குத் தெரியும். மத்தியானம் மூன்று மணி வரை உட்கார்ந்து ஒரு மனு எழுதினார். கங்கையம்மாள் அதைப் படிக்கச்சொல்லிக் கேட்டாள்.

“தாழ்மையுடன்னு ரெண்டு எடத்துல வருது. ஒண்ணை எடு,” என்றாள்.

அவர் ஒன்றை அடித்தார். அன்று அங்கேயே சாப்பிட்டார்கள். குழம்பில் காரம் அதிகம். லாசரஸ் மறுபடி வாங்கிச் சாப்பிட்டார். பழையதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கைகழுவப் போகும்போது மட்டும் கங்கையம்மாள் சொன்னாள், “சும்மா வந்து மனு எழுதிக் குடுத்துட்டா சரியாப் பூடும்னு நெனைக்காத. எனக்கு இன்னும் ஆறல.”

“தெரியுதுக்கா.”

“தெரிஞ்சா சரி. வியாழக்கெழம தாலுகா ஆபீஸுக்குப் போவணும்னியே, காலைல சீக்கிரம் வா. எனக்கு ரொம்ப நேரம் நிக்க முடியாது.”

நான்கு வியாழக்கிழமைகள் போனார்கள். மூன்றாவது முறை ரசீது கிடைத்தது. தொண்ணூற்றாறு வீட்டுக்காரர்களில் அறுபது பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். மற்றவர்கள், ரயில்வேகாரன் இத்தனை நாள் எங்கே இருந்தான் என்று கேட்டுவிட்டுப் போடவில்லை. அவர்கள் கேட்டதில் தப்பில்லை என்று லாசரஸ் வீட்டில் வந்து சொன்னார். பிளஸ்ஸி ஒரு தனியார் கல்லூரியில் வேலைக்குப் போனாள். சம்பளம் பழைய இடத்தைவிடக் கொஞ்சம் கூட. விண்ணப்பத்தில் ஆய்வு என்ற கட்டத்தில் எழுத இன்னும் ஒன்றும் இல்லை.

டிசம்பரில், மழை விட்ட ஒரு காலையில், நில அளவையர் வந்தார். அளந்தால் பட்டா வந்துவிடும் என்று அர்த்தமில்லை, ஏரி எல்லையைக் குறிக்கத்தான் வந்திருக்கிறேன், மீதி மேலே முடிவு செய்வார்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஆனாலும் ஐம்பது வருஷத்தில் அந்தத் தெருவை அளக்க ஒருவர் வந்தது அதுதான் முதல் தடவை. ஜனங்கள் வாசலில் வந்து நின்றார்கள். அளவையரோடு வரவேண்டிய உதவியாளர் வரவில்லை. அளவுநாடாவின் ஒரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று அவர் சுற்றிப் பார்த்தார். லாசரஸ் செருப்பைக் கழற்றிவிட்டு, பேன்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு சேற்றில் இறங்கினார்.

முதல் வீட்டு மூலையில் நாடாவை வைத்துக்கொண்டு அவர் குனிந்து நின்றார். அளவையர் மறுமுனையோடு தெருக்கோடிக்கு நடந்தார். நடுவில் நாடா தொய்ந்தது.

கங்கையம்மாள் நாற்காலியிலிருந்து எழுந்திருக்காமலே கத்தினாள்.

“நேராப் புடிடா. அரையடி போச்சுன்னா யாரு வூட்டுலருந்து குடுக்கறது?”

லாசரஸ் நாடாவை இழுத்துப் பிடித்தார்.